கொல்லிமலையில் சங்க காலத்தைத் தேடாதீர்கள்

பள்ளிச் சுற்றறிக்கைகளிலும் கல்லூரி அறிவிப்புப் பலகைகளிலும் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படுகிறது: சங்க கால வாழ்க்கையை நேரில் காண கொல்லிமலைக்குக் களப்பயணம். அழிந்துபோவதற்குள் பார்த்துவிடுங்கள் என்று சிலர் கூடவே எழுதிவிடுகிறார்கள். தமிழாசிரியர், இயற்கை ஆர்வலர், சுற்றுலா ஏற்பாட்டாளர் எல்லோருக்கும் இதில் ஒரே கருத்துதான். மலைமக்கள் நம் முன்னோரின் எச்சம். அவர்களுடைய விவசாயம் காலத்தால் மாறாதது. நகரத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு வந்தால் தங்கள் வேரைத் தொட்டுவிட்டு வருவார்கள்.

இந்தக் கருத்து தவறு. நல்ல எண்ணத்தில் பிறந்ததுதானே என்று இதை விட்டுவிட முடியாது. அந்த மலையில் உழுது விதைக்கிறவர்களுக்கு இது கெடுதல் செய்கிறது. கூட்டிப்போகும் பிள்ளைகளுக்குப் பொய்யைக் கற்பிக்கிறது.

வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், அண்ணன் தம்பி மூவர் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று குடியேறினார்கள் என்பதும் அவர்களே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால், நாங்கள் கீழேயிருந்து ஏறி வந்தவர்கள் என்று ஒரு சமூகம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இல்லை, நீங்கள் இந்த மலையை ஆண்ட சங்க கால வல்வில் ஓரி காலத்திலிருந்து இதே இடத்தில் அசையாமல் இருக்கிறீர்கள் என்று அவர்கள் கதையை அவர்களிடமிருந்தே பிடுங்கிக்கொள்ள நமக்கு என்ன உரிமை? அந்த ஓரியின் கதையும் அசையாத கதை இல்லை. ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. அன்றைக்கே கைமாறிய மலை அது.

அடுத்தது நிலம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே சேர்ந்ததும் பிள்ளைகள் கண்ணில் படுவது என்ன? மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காப்பி, சாலையோரக் கடைகளில் அடுக்கிய அன்னாசி, சரிவெல்லாம் மரவள்ளி. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் மரம். காப்பி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அன்னாசியும் மரவள்ளியும் தென் அமெரிக்காவின் பயிர்கள். இந்தக் காட்சியில் பழங்காலத்திலிருந்து இருப்பதாகத் துணிந்து சொல்லக்கூடியவை மிளகு, பலா போலச் சிலதான். பேருந்தில் ஒலிபெருக்கி பிடித்த ஆசிரியர் 'இதுதான் பாரம்பரிய மலை விவசாயம்' என்று காட்டுவது பெரும்பாலும் அரை நூற்றாண்டு வயதுகூட ஆகாத மரவள்ளிக் காட்டைத்தான்.

இதைச் சொல்வது அந்த விவசாயிகளைக் குறைத்துப் பேசுவதற்காக இல்லை. அவர்கள் சந்தையைப் பார்த்து, கடனைப் பார்த்து, பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள். தஞ்சாவூர் விவசாயி எப்படியோ அப்படித்தான் அவர்களும். தஞ்சாவூருக்குப் போகும் மாணவர் சோழர் கால உழவரைத் தேடுவதில்லை. மலைக்குப் போகும்போது மட்டும் ஏன் தேடுகிறோம்? குறிஞ்சித் திணையின் கருப்பொருள் அட்டவணை நம் தலைக்குள் இருக்கிறது. தினை, தேன், பரண், கிளி விரட்டும் பெண் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள், மலையேறியதும் அந்தப் பட்டியலில் எது எது கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள். கிடைக்காதபோது, ஐயோ, இவர்களும் மாறிவிட்டார்களே என்று வருத்தப்படுகிறார்கள்.

நான் எதிர்ப்பது அந்த வருத்தத்தைத்தான். மலையில் சிறுதானியம் குறைந்தது உண்மை. அது பெரிய இழப்பு என்பதும் உண்மை. ஆனால் பண்பாட்டை மறந்ததால் குறைந்தது, இளைய தலைமுறைக்கு அக்கறை போனதால் குறைந்தது என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு இறங்குகிறார்களே, அது அநியாயம்.

குறைந்த கதை இப்படி. சேலம், நாமக்கல் சமவெளியில் சேகோ ஃபேக்டரிகள் பெருகின. ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் தேவை ஏறியது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவு விற்பனை அமைப்பே தோன்றும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது. ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டும். மலைப்பாதையில் லாரி ஏறியது. சாமையும் தினையும் வீட்டுக்குச் சோறு போட்டன, பணம் தரவில்லை. குச்சிக்கிழங்கு என்கிற அந்த மரவள்ளி காட்டிலேயே விலைபோனது. வியாபாரி முன்பணமும் கொடுத்தார். பெண்ணின் கல்யாணத்துக்கும் பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் கையில் மொத்தமாகக் காசு வேண்டியவர் எதைப் பயிரிடுவார்?

அந்தக் காசுக்கும் விலை உண்டு. கிழங்கு பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கும்போது சரிவின் மண் கிளறப்பட்டு, அடுத்த மழையில் பள்ளத்துக்கு இறங்கும். விலையை மலையில் யாரும் தீர்மானிப்பதில்லை. கிழங்கில் எவ்வளவு ஸ்டார்ச் இருக்கிறது என்று அளந்து 'பாயிண்ட்' போடுகிறார்கள்; பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. அளப்பது வாங்குகிறவர். பாயிண்ட் சரியாகப் போடவில்லை என்ற குறை இந்த வட்டாரத்தில் மரவள்ளி போடும் எல்லா ஊரிலும் கேட்கும். களப்பயணம் போய்வந்த எத்தனை மாணவருக்கு இந்த 'பாயிண்ட்' தெரியும்? மலை விவசாயத்தின் இன்றைய விதியைத் தீர்மானிக்கிற சொல் அதுதான்.

சிறுதானியம் குறைந்ததற்கு இரண்டாவது காரணமாகச் சொல்லப்படுவது ரேஷன் அரிசி. 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. ரேஷன் அரிசிதான் சிறுதானியத்தைக் கொன்றது என்று நகரத்து இயற்கை ஆர்வலர்கள் சொல்லக் கேட்கிறேன். மழை பொய்த்த ஆண்டில் பசியோடு படுத்த வீடுகளில் இந்தப் பேச்சை யாரும் பேசத் துணியமாட்டார்கள். அந்த அரிசி வயிற்றை நிரப்பியது. பள்ளிக்குப் பிள்ளை போனது. கேட்க வேண்டிய கேள்வி, ரேஷன் கடையில் அரிசி மட்டும் ஏன் என்பது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சிறுதானியங்களுக்கு இடம் இருந்தது. தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் சோதனை முயற்சியாக ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதே 2023இல்தான். மலையில் விளையும் சாமையை அரசே வாங்கி அந்த மலையின் ரேஷன் கடையிலேயே கொடுத்திருந்தால் இன்றைக்கு வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.

மூன்றாவது காரணம் உலக்கை. ஒரு மாணவர் குழுவோடு கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அப்பால் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். ஏற்பாடு செய்தவர்கள் ஒரு வீட்டு வாசலில் உரலை வைத்து, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்ணைச் சாமை குத்திக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அவர் குத்தினார். குத்தியதை முறத்தில் அள்ளிப் புடைத்தார், உமி பறந்தது, பாதிக்கு மேல் தோல் உரியாமலே இருந்தது. மறுபடி உரலில் கொட்டினார். சாமையின் தோல் அவ்வளவு லேசில் விடாது. மூன்றாம் முறை புடைத்தபோதுதான் முறத்தின் ஓரத்தில் வெள்ளை அரிசி சேர்ந்தது, இரண்டு கைப்பிடி. பிள்ளைகள் சுற்றி நின்று கைபேசியில் படம் எடுத்தார்கள். ஒரு பையன், இந்த உடற்பயிற்சியால்தான் அந்தக் காலத்தில் நோயில்லை என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை உரக்கச் சொன்னான். அந்த அக்கா உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து குத்தினேன் தம்பி. கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். மெசின் வந்தப்புறந்தான் தோள்வலி போச்சு. இதைப் படிக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. பின்வரிசையில் நின்ற ஒரு பெண் மட்டும், "இப்பவும் சாமை போடறீங்களாக்கா?" என்று கேட்டாள். அந்தப் பயணத்தில் எழுந்த ஒரே நல்ல கேள்வி அது.

போடுவதில்லை என்றார். போட்டுப் பார்த்தாராம். சுற்றிலும் எல்லோரும் கிழங்குக்கு மாறிவிட்ட பிறகு இவர் ஒருவர் காட்டில் மட்டும் சாமை. அத்தனை குருவியும் அங்கேதான் வந்து இறங்கியது. முன்பு சரிவு முழுக்கச் சாமை இருந்தபோது குருவி தின்றது போக எல்லோருக்கும் மிஞ்சியது. ஒற்றைக் காடாகிவிட்டால் நாள் முழுக்க ஆள் நின்று விரட்ட வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது? பையன் பள்ளிக்குப் போகிறான். வீட்டுக்காரர் வெளியூர் வேலையில். ஆக, ஒரு குடும்பம் மனம் வைத்தால் சிறுதானியம் திரும்பிவிடாது. ஊரே சேர்ந்து விதைக்க வேண்டும். அதற்கு ஊரையே நம்பவைக்கிற கொள்முதல் விலை வேண்டும். தனிமனிதரின் பண்பாட்டுப் பற்றால் தீர்கிற சிக்கல் இல்லை இது.

பாரம்பரியம் என்று நாம் பூசி மெழுகுவதில் மறைந்துபோகிற இன்னொன்று, அவர்களுடைய அறிவு. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை, பெருஞ்சாமை என்று சாமையிலேயே இத்தனை வகை அங்கே இருந்தன. தினையில் செந்தினை, பாலாந்தினை, மூக்காந்தினை. இந்தப் பெயர்களைப் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், சரி. ஒரே குடும்பம் ஏன் இரண்டு மூன்று வகை வைத்திருந்தது என்று யார் கேட்கிறார்கள்? சீக்கிரம் அறுப்புக்கு வருகிற வகை பஞ்ச மாதத்துக்குக் கைகொடுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வகை நல்ல மண்ணில் நிறையத் தரும். ஒன்றுக்கு மழை தவறினால் மற்றொன்றுக்குக் கிடைக்கலாம். கேழ்வரகுக்கு நடுவே கடுகும் மொச்சையும் அவரையும் கலந்து போட்டதிலும் இதே கணக்கு. தானியம் போனாலும் பயறு நிற்கும், பயறு மண்ணுக்கு உரமும் சேர்க்கும். விதைக்கென்று எடுத்த கதிரை அடுப்புக்கு மேலே புகைபடக் கட்டித் தொங்கவிட்டது பூச்சி வராமலிருக்க. மூங்கிலால் முடைந்து மண் பூசிய தொம்பையில் தானியம் காத்தது ஈரம் ஏறாமலிருக்க. விதை இல்லாதவர் உறவினரிடம் வாங்கி விதைத்து, அறுப்பில் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்ததால்தான் ஒரு காட்டில் அழிந்த வகை இன்னொரு காட்டில் பிழைத்திருந்தது.

இதெல்லாம் இடர்ப்பாட்டைக் கணக்கிட்டுச் செய்த ஏற்பாடு, சோதித்துச் சோதித்துத் தேறிய அறிவியல். வேளாண் கல்லூரியில் இதே விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னால் பாடம் என்கிறோம். கொல்லிமலையில் ஒரு பாட்டி சொன்னால் நாட்டுப்புறம் என்கிறோம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களிலிருந்து அங்கே தங்கி வேலை செய்தார்கள். அந்த வகைகளைப் பதிவுசெய்தார்கள், விதை வங்கிகளுக்கு உதவினார்கள், சிறிய அரைவை இயந்திரங்களை ஊர்களில் கொண்டுவந்து வைத்தார்கள். உலக்கையைப் போற்றிப் பாடுவதைவிட அந்த இயந்திரம் சாமைக்குச் செய்த உதவி பெரிது. சாமைச் சோறு தின்ன ஆசைப்பட்ட வீட்டுப் பெண்ணின் தோளுக்கு அது ஓய்வு கொடுத்தது.

இங்கே ஒரு வாதம் வரும். எப்படியோ போகட்டும், பிள்ளைகளுக்கு மலைமீதும் மலைமக்கள்மீதும் ஒரு பிரியம் வருமே, அது போதாதா? போதாது. பிரியம் வயலைக் காப்பாற்றாது என்பதற்குப் பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ மலைப்படி வயல்களே சான்று. 1995இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், வியந்தார்கள். 2001இல் அதே வயல்கள் அபாயத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலுக்குப் போயின. பராமரிக்க ஆளில்லாமல் வரப்புச் சுவர்கள் சரிந்தன. இளைஞர்கள் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கிப் போயிருந்தார்கள். பட்டியலிலிருந்து மீள 2012 ஆனது.

பிரியம் என்கிற பெயரில் வருவது பல நேரம் இரக்கம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய துணி மூட்டையோடு மலையேறும் குழுக்களைப் பார்க்கிறோம். பிஸ்கட் பொட்டலத்தைக் குழந்தைகள் கையில் திணித்துப் படம் எடுப்பவர்களையும் பார்க்கிறோம். அந்தக் குழந்தைகளின் அண்ணன் அக்கா நாமக்கல்லிலும் சேலத்திலும் கல்லூரியில் படிக்கிறார்கள். சில சமயம் அந்தப் பயணக் குழுவிலேயே இருக்கிறார்கள், தங்கள் ஊரை யாரோ சங்க காலம் என்று விளக்குவதைக் கேட்டுக்கொண்டு, வாய் திறக்காமல். அவர்கள் படும் கூச்சத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் உண்டு: அப்படியானால் மாணவர்கள் மலைக்குப் போகவே வேண்டாம், வேடிக்கை பார்ப்பதை நிறுத்துங்கள். இதையும் நான் ஏற்கவில்லை. மலைக்கும் சமவெளிக்கும் இடையே கிழங்கும் மிளகும் காப்பியும் கூலியாட்களும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். வாரக்கடைசி வண்டிகளும் விடுதிகளும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. இந்தப் போக்குவரத்தில் கற்றுக்கொள்ள ஏறுகிறவர்கள் மாணவர்கள் மட்டுமே. அவர்களையும் நிறுத்திவிட்டால், ஜவ்வரிசிப் பாயசம் சாப்பிடுகிறவருக்கு அதன் கிழங்கு எந்தச் சரிவிலிருந்து வந்தது என்பது கடைசிவரை தெரியாது. போக வேண்டும். எதற்குப் போகிறோம் என்பது மாற வேண்டும்.

நிலத்தைப் பற்றிய சட்டங்கள்கூடப் பாடம்தான். வன உரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறியது. காட்டை நம்பி வாழ்கிறவர்களின் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2008இன் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பத்திரம் வழங்குவது முடங்கி, உச்ச நீதிமன்றம் 2016இல் அந்தத் தடையை விலக்கும்வரை மலைமக்கள் காத்திருந்தார்கள். பழங்குடிப் பண்பாட்டைக் காணப் போகிற ஒரு சட்டக் கல்லூரி மாணவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டுத் திரும்புவது எனக்கு ஒப்பவில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்டில் ஓரி விழாக் கூட்டத்தோடு பிள்ளைகளை ஏற்றிவிடாதீர்கள். விதைக்கிற நாளிலோ அறுக்கிற நாளிலோ, ஊராரைக் கேட்டுக்கொண்டு, ஒரு வகுப்பில் பாதிப் பேராகப் போங்கள். ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் போங்கள். போன ஆண்டு சாமை போட்ட காட்டில் இந்த ஆண்டு என்ன நிற்கிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். சொல்லிக்கொடுக்கும் விவசாயிக்கு, கல்லூரிக்கு வரும் விருந்தினர் உரையாளருக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுங்கள். உங்கள் வகுப்பில் கொல்லிமலை மாணவர் இருந்தால், அவர் விரும்பினால், ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுங்கள். பிள்ளைகள் எழுதியதில் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் வைத்துவிட்டு வாருங்கள். ரேஷன் கடை வாசலில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். இறங்கி வரும் வழியில் ஒரு சேகோ ஃபேக்டரி முன்னால் பேருந்தை நிறுத்தி, மலையிலிருந்து வந்த கிழங்குக்கு இன்றைக்கு எத்தனை பாயிண்ட் போட்டார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.